பாவம், வீட்டிலேயே இருந்திருக்கலாம்

சென்ற பங்குனியில் மயிலாப்பூர் அறுபத்துமூவர் உற்சவத்துக்கு என் தகப்பனாரைச் சக்கர நாற்காலியில் உட்கார்த்தி வைத்துத் தள்ளிக்கொண்டு போனேன். கூடவே என் மனைவியும் பெண்ணும் வந்தார்கள். மாட வீதிக்குள் நுழைந்து வெளியே வருவதற்குள் ஒரே கேள்வியை ஒன்பது பேர் கேட்டார்கள் என்று என் பெண் விரல் விட்டு எண்ணிச் சொன்னாள்.

"பாவம், பெரியவரை எதுக்கு சார் இந்தக் கூட்டத்திலே அழைச்சுண்டு வந்தேள்? வீட்டிலேயே இருந்திருக்கலாமே!"

கேட்டவர்களில் ஒருவர்கூடக் கெட்டவர் அல்ல. அதுதான் சங்கடம். கெட்டவனாக இருந்தால் இரண்டு வார்த்தை திட்டிவிட்டு மேலே போகலாம். நல்லவர்கள் நாலு பேர் இரக்கத்தோடு வந்து வழியை அடைத்துக்கொண்டு நின்றால் என்ன செய்வது? எதிர்த்துப் பேசினால் நாம்தான் முரடர்கள். ஆகையால் அன்று வீதியில் போடாத சண்டையை இன்று இங்கே போடுகிறேன்.

உற்சவம் என்பது எதற்காக ஏற்பட்டது? மூலவர் கர்ப்பக்கிருகத்தைவிட்டு அசைவதில்லை. படி ஏறி வரமுடியாத கிழவர்களும் நோயாளிகளும் இருந்த இடத்திலிருந்தே பார்க்கட்டும் என்றுதான் உற்சவ மூர்த்தி வீதிக்குப் புறப்படுகிறார் என்று நம் பாட்டிமார்கள் எல்லோரும் சொல்லியிருக்கிறார்கள். சரி, அந்த வீதிக்கும் அவர்கள் வரக்கூடாது என்றால் ஸ்வாமி யாருக்காகப் புறப்பட்டார்? கால் திடமாக உள்ளவர்கள்தாம் கோயிலுக்குள்ளேயே போய்ப் பார்த்துவிடுவார்களே!

இன்னொரு சமாசாரமும் உண்டு. மயிலாப்பூரின் சொந்தக் கதை பூம்பாவை கதை. பாம்பு கடித்து இறந்துபோன பெண், எரித்தாயிற்று, எலும்பும் சாம்பலும் குடத்தில் இருக்கின்றன. திருஞானசம்பந்தர் வந்து பதிகம் பாடி அவளை எழுப்புகிறார். அந்தப் பதிகத்தில் அவளிடம் அவர் எதைச் சொல்லி முறையிடுகிறார் தெரியுமா? சொர்க்கத்தைப் பற்றி அல்ல, செல்வத்தைப் பற்றியும் அல்ல. மயிலையில் நடக்கும் திருவிழாக்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லி, இவற்றையெல்லாம் பார்க்காமலா போய்விடப் பார்க்கிறாய் என்று கேட்கிறார். அவர் சொல்லும் விழாக்களில் பங்குனி உத்திரமும் ஒன்று. பிரம்மோற்சவத்தின் எட்டாம் நாள் காலையில் இந்தக் கதையைக் குளத்தங்கரையில் ஐதீகமாக நடத்துகிறார்கள். அதே நாள் பிற்பகலில்தான் அறுபத்துமூவர். செத்துப்போனவளையே திருவிழாவைச் சொல்லிக் கூப்பிட்ட ஊர் இது. இங்கே உயிரோடு வந்திருக்கும் ஒருவரை வீட்டுக்குப் போகச் சொல்லுகிறோம்.

"நெரிசலில் ஏதாவது ஆகிவிட்டால்?" என்பார்கள். ஆகலாம். அன்று என் கண்ணெதிரே இருபது முப்பது தகப்பன்மார்கள் கைக்குழந்தைகளைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு நின்றார்கள். அந்தக் குழந்தைகளாலும் நடக்க முடியாது. நெரிசலில் அவற்றுக்கும் ஆபத்துதான். ஒரு தகப்பனையாவது பார்த்து, "குழந்தையை எதுக்குக் கொண்டுவந்தாய்?" என்று கேட்டவர் உண்டா? "பாரு பாரு, உம்மாச்சி பாரு!" என்று அவர்களும் சேர்ந்து கொஞ்சினார்கள். பெற்ற பிள்ளையைத் தகப்பன் சுமந்தால் பார்க்க அழகாக இருக்கிறது. தகப்பனைப் பிள்ளை தள்ளிக்கொண்டு வந்தால் பைத்தியக்காரத்தனமாகப் படுகிறது. டெலிவிஷனில் காட்டுகிறார்களே என்றார் ஒருவர். அவர் ஏன் டெலிவிஷனில் பார்க்கவில்லை என்று கேட்டிருக்கலாம். அந்தச் சமயத்தில் தோன்றவில்லை.

ஊரைச் சொல்வதற்கு எனக்கு என்ன யோக்கியதை என்றும் சொல்லிவிட வேண்டும். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்து நாலு வருஷம் ஆகிறது. முதல் மூன்று வருஷமும் பங்குனி பிறந்ததும், "அறுபத்துமூவர் என்னிக்கு?" என்று கேட்டார். மூன்று வருஷமும், "கூட்டம் ஜாஸ்திப்பா, அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்" என்றேன். அந்த ஒன்பது பேர் சொன்னதையேதான் நானும் சொன்னேன். "பாவம்" என்ற ஒரு வார்த்தையை மட்டும் விட்டுவிட்டேன். நாலாவது வருஷம் அவர் கேட்கவில்லை. அதற்கப்புறம்தான் எனக்குப் பயம் வந்தது.

வீதியில் நடந்ததைச் சொல்லுகிறேன். நடைபாதை ஓரத்தில் ஒரு தடுப்பு. நாற்காலி நுழைய ஒரு முழ இடம் விட்டிருந்தால் போதும், விடவில்லை. ஒரு பந்தலில் தொண்டு செய்துகொண்டிருந்த நாலு இளைஞர்கள் இதைப் பார்த்துவிட்டு ஓடி வந்தார்கள். "நகருங்க, நகருங்க!" என்று கத்திக்கொண்டே, அப்பாவை ஒரு வார்த்தை கேட்காமல், அரிசி மூட்டையைத் தூக்குவதுபோல் நாற்காலியோடு தூக்கித் தடுப்பைத் தாண்டி, பல்லக்குக்கு மிகச் சமீபத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். இரண்டு நிமிஷம். "தரிசனம் ஆச்சா தாத்தா? சரி, ஜாக்கிரதையா அழைச்சிட்டுப் போங்க சார்." மறுபடியும் தூக்கு. அவர்கள் மனசு தங்கம். ஆனால் அப்பா கேட்டது சலுகைத் தரிசனம் அல்ல. கூட்டத்தில் ஒருவராக, தெருமுனையில் நின்று, அறுபத்துமூன்று பேரும் கடந்து போவதைப் பார்க்க வேண்டும். ஐம்பது வருஷமாக அப்படித்தான் பார்த்தவர்.

அந்த அறுபத்துமூவரில் ஒருவர் தண்டியடிகள். திருவாரூர்க்காரர். பிறவியிலேயே கண் தெரியாதவர். கோயில் குளத்தை வெட்டி அகலப்படுத்த ஆசைப்பட்டார். குளத்துக்குள் ஒரு கழி, கரையில் ஒரு கழி நட்டு, நடுவே கயிறு கட்டி, அதைத் தடவிக்கொண்டே போய் மண் சுமந்து கொட்டினார் என்கிறார் சேக்கிழார். பார்த்தவர்கள் பரிகசித்தார்கள். மண்வெட்டியையும் கூடையையும் பறித்தார்கள், கழிகளைப் பிடுங்கினார்கள். அவர் யாரையும் கையைப் பிடித்து அழைத்துப் போகச் சொல்லவில்லை. கயிற்றை விட்டுவைத்தால் போதும் என்றிருந்தார். அப்பேர்ப்பட்டவரைப் பல்லக்கில் ஏற்றிக் கன்னத்தில் போட்டுக்கொள்கிற வீதியில்தான் நாம் ஒரு முழ இடம் விடாமல் தடுப்புக் கட்டுகிறோம்.

சட்டம் இல்லாமல் இல்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ல் நிறைவேறி 2017 ஏப்ரலில் அமலுக்கு வந்தது. பொதுக் கட்டடங்களைச் சரிசெய்யக் கொடுத்த ஐந்து வருஷக் கெடு 2022-ல் தீர்ந்தது. விதிகள் வெறும் சிபாரிசாக இருக்கின்றன, கட்டாயமாக்குங்கள் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லவேண்டியிருந்தது. 2011 ஜனக் கணக்கெடுப்பின்படி இந்த நாட்டில் ஊனமுற்றோர் 2 கோடியே 68 லட்சம் பேர். அன்று மாட வீதியில் நான் பார்த்த இன்னொரு சக்கர நாற்காலி ஒன்றே ஒன்று. மற்றவர்கள் எங்கே? நம்மைப் போன்ற நல்ல பிள்ளைகள் அவர்களை ஜாக்கிரதையாக வீட்டில் வைத்திருக்கிறோம்.

கடைசியில் நாங்கள் தெருமுனைக்கே திரும்பி வந்தோம். யாரோ நீர்மோர் கொடுத்தார்கள். அப்பா இடது கையால் வாங்கிக் குடித்தார். பாதி சட்டையில் கொட்டிற்று. முன்னால் நின்ற ஓர் அம்மாள் திரும்பிப் பார்த்து, "ஐயோ, பாவம்..." என்று ஆரம்பித்தாள். அது ஒன்பதாவது. நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா கையைக் காட்டினார். அவருக்கு வார்த்தை வரக் கொஞ்ச நேரமாகும். காத்திருந்தோம்.

"பாவமெல்லாம் இல்லேம்மா. கொஞ்சம் நகர்ந்துக்கோங்கோ, பல்லக்கு மறைக்கிறது."

அந்த அம்மாள் நகர்ந்துகொண்டாள்.