பழைய காரும் பகற்கொள்ளை வரியும்

குடும்பத்துக்கென ஒரு கார் வைத்திருப்பது ஆடம்பரம் எனக் கொழும்புத் திறைசேரி முடிவுகட்டிப் பல்லாண்டுகளாயின. அம்முடிவை நாம் ஏற்கோம். கடைசிப் பஸ் பொழுது சாயுமுன்னே போய்விடும் வன்னிக் கிராமத்தில், நள்ளிரவில் பிரசவ வேதனையால் துடிக்கும் மனைவியைக் கமக்காரன் எதில் ஏற்றிச் செல்வான்? இரவு அழைப்புக்கு ஓடும் வைத்தியருக்குக் கார் ஆடம்பரமா?

2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 பெப்ரவரியிலேதான் தனியார் கார்களுக்கு வழி திறந்தது. திறந்த வழியிலே வரி மலைபோல் நிற்கிறது. பல வண்டிகளுக்கு வரி வண்டியின் விலையையே விஞ்சுகிறது. போதாக்குறைக்கு, 3 ஆண்டு கடந்த பாவித்த காரை இறக்கலாகாதென்ற விதி வேறு! யப்பானிலே 7 ஆண்டு பக்குவமாக ஓடிய வண்டி மலிவாகக் கிடைத்தாலும் நமக்கு அது எட்டாக்கனியே. ஆகவே உள்நாட்டிலே 20, 30 ஆண்டு தேய்ந்த வண்டிகளையே மக்கள் போட்டியிட்டு வாங்குகின்றனர். இந்தியாவிலே 2014இல் உற்பத்தி நின்றுபோன மாருதி 800 இங்கே இன்றும் பல இலட்சம் ரூபாவுக்குக் கைமாறுகிறது. இக்கொள்ளைக்கு வியாபாரியை மட்டும் நோவதிற் பயனில்லை.

"பழையதையே திருத்தி ஓட்டுங்கள், சிக்கனமாக வாழுங்கள்" என உபதேசிப்பார் உளர். அந்த வித்தையை யாழ்ப்பாணத்தவனுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடையின்போது பெற்றோல் வடக்கே வருவது தடுக்கப்பட்டது. ஒஸ்ரின் கேம்பிரிட்ஜும் ஏ-40உம் மொறிஸ் மைனரும் அன்று மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோலைக் காபுரேற்றரில் விட்டு இயந்திரத்தை முடுக்கி, சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். அழுத்தம் குறைந்த அக்காலத்து இயந்திரம் அந்தக் கீழ்த்தர எரிபொருளையும் பொறுத்துக்கொண்டது. நோயாளியை ஆஸ்பத்திரியிற் சேர்த்தவை அவ்வண்டிகளே. புகை கக்கி ஓடிய அவற்றைச் சிக்கனத்தின் சின்னமென எவரும் அன்று பாராட்டவில்லை! அவற்றுட் சில இன்று சேகரிப்போரின் காட்சிப்பொருள். 1958 முதல் பதிவானவை சிங்கள ஸ்ரீ தாங்கியவை. அந்த எழுத்தின்மீது தார் பூசிச் சிறை சென்ற தலைமுறையையும் அவற்றை விலைபேசுவோர் நினைவுகூர்வாராக.

அரசைச் சாடுமிடத்து நம்மவர் குறையையும் மறைத்தல் தகாது. பூச்சின் மினுக்கைக் கண்டு முற்பணத்தை நீட்டுகிறோம். கடற்காற்று வீசும் குடாநாட்டிலே துருவே காரின் முதற் பகை. சிறு காந்தமொன்றைக் கதவின் அடிப்புறத்தில் வைத்துப் பார்த்தாற் போதும். ஒட்டாத இடத்தில் இரும்பில்லை, அடைத்த பசையே உண்டு. எண்ணெய் மூடியின் உட்புறம் பாற்கூழ் போலிருப்பின் எண்ணெயில் நீர் கலந்திருக்கக் கூடும். நீலப் புகை எழின் எண்ணெய் எரிகிறது. நம்பகமான மெக்கானிக் ஒருவரை அழைத்துச் செல்லாது விலைபேசுவது வீண்செலவுக்கு அடிகோலுவதாகும்.

இவற்றினும் பெருங்கேடு, பெயர் மாற்றாமலே வண்டியை வாங்குவது. உரிமையாளர் இடம்பெயர்ந்திருப்பார், அல்லது கனடாவில் இருப்பார். ஒப்பமிட்ட வெற்றுப் படிவத்தோடு வண்டி நாலு கை மாறியிருக்கும். விபத்தொன்று நேர்ந்தாலோ பொலிசார் மறித்தாலோ வழக்கு யாரைச் சாரும்? 2022இல் எரிபொருள் அட்டைக்குப் பதிந்தபோது வாகன இலக்கத்தோடு அடிச்சட்ட இலக்கமும் கேட்கப்பட்டதை மறந்துவிட்டோமா? காருக்கு வாரம் 20 லீற்றர் என்று அளந்து கொடுத்த காலம் அது. பத்திரத்திலுள்ள இலக்கமும் இரும்பிற் பொறித்த இலக்கமும் ஒன்றாவென நேரிற் பாராமல் ஒரு சதமும் கொடுத்தலாகாது.

ஆயினும் வாங்குவோனின் விழிப்பு அரசின் கடமைக்கு ஈடாகாது. சிறிய இயந்திரமுடைய குடும்பக் கார்களின் வரி குறைக்கப்படல் வேண்டும். 3 ஆண்டு எல்லை 7 ஆண்டாக விரிக்கப்படல் வேண்டும். உரிமையாளர் நாட்டில் இல்லாத வண்டிகளைத் தற்போது வைத்திருப்போரின் பெயருக்கு மாற்ற வடக்கிலும் கிழக்கிலும் தமிழிலே நடமாடும் சேவை நடத்தப்படல் வேண்டும். நம் வாக்கைப் பெற்றுப் பாராளுமன்றம் சென்ற உறுப்பினர்கள் அடுத்த வரவு செலவுத் திட்ட விவாதத்திலே இம்மூன்றையும் எழுப்புவார்களா?