ஐந்து மாதம் தூங்கப் போகும் கார்

"என் மகள் கனடாவில் இருக்கிறாள். மாப்பிள்ளை ஆசைப்பட்டு ஒரு பழைய காரை வாங்கி வைத்துக்கொண்டு, பனிக்காலம் முழுக்க அதைப் போர்த்தி மூடி வைத்திருக்கிறாராம். ஓட்டாத காருக்கு எதற்கு இத்தனை உபசாரம்?" என்று கேட்டிருக்கிறார் ஒரு வாசகி.

அம்மா, உங்கள் மாப்பிள்ளையைக் கோபித்துக் கொள்ளாதீர்கள். எங்கள் வீட்டிலும் அப்படி ஒன்று இருக்கிறது, 1959ஆம் வருஷத்து மோரிஸ் மைனர். என் மாமனார் திருச்சியில் ஓட்டின மாதிரியே வேண்டுமென்று என் வீட்டுக்காரர் இங்கே டொராண்டோவில் தேடிப் பிடித்தது. நவம்பர் பிறந்ததும் அது ஷெட்டுக்குள் போய்விடும். ஏப்ரலில்தான் தெருவைப் பார்க்கும்.

குளிருக்குப் பயந்து இல்லை, உப்புக்குப் பயந்து! சாலையில் பனி உறையாமல் இருக்க இங்கே லாரி லாரியாக உப்பைக் கொட்டுகிறார்கள். அந்த உப்புத் தண்ணீர் காரின் அடித்தகட்டு இடுக்குகளில் புகுந்தால் இரும்பு பொரிந்துபோகும். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். இங்கே உப்பிட்ட சாலை, தகடு உள்ளளவும் தின்றுவிடும்.

ஆகவே உறங்கப் போகும் முன் காருக்கு ஒரு எண்ணெய்க் குளியல் மாதிரிதான். அடிப்பக்கம் வரை கழுவி, ஈரம் போக ஒரு நாள் உலரவிட வேண்டும். எஞ்சின் ஆயிலைப் புதிதாக மாற்ற வேண்டும். ஓடிக் கறுத்த ஆயிலில் அமிலம் சேர்ந்திருக்கும், அது மாதக்கணக்கில் உள்ளே நிற்பது நல்லதில்லை. டாங்கில் பாதி பெட்ரோல் விட்டால் மேலே உள்ள காற்றின் ஈரம் வேர்த்துத் துருப் பிடிக்கும் என்பதால் முழுக்க நிரப்பி, பெட்ரோல் கெடாமல் இருக்க ஒரு மருந்தும் ஊற்றுவார்கள். டயரில் காற்று கொஞ்சம் கூடுதல். ஹாண்ட் பிரேக் போடவே கூடாது, ஈரத்தில் பிரேக் ஒட்டிக்கொள்ளும். சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்தால் போதும்.

இதெல்லாம் ஆண்கள் பாடு. நாம் கண்ணைத் திறந்து வைத்திருக்க வேண்டிய இடங்கள் வேறு.

முதலாவது, ரேடியேட்டரில் ஊற்றும் ஆன்ட்டிஃப்ரீஸ். தண்ணீர் உறைந்து எஞ்சின் வெடிக்காமல் இருக்க இது அவசியம். ஆனால் பெரும்பாலும் இதில் இருப்பது எத்திலீன் கிளைக்கால். பச்சையாகவோ ஆரஞ்சாகவோ ஷர்பத் போல இருக்கும், ருசியும் தித்திப்பு. தவழும் குழந்தைக்கு வேறென்ன வேண்டும்? சிறிதளவு உள்ளே போனாலும் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். சிந்தினால் உடனே துடைத்துக் கழுவி, டப்பாவைப் பூட்டி வைக்கச் சொல்லுங்கள். குழந்தை நக்கியிருக்குமோ என்ற சந்தேகம் வந்தாலே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியதுதான். "வாந்தி வருதா பாப்போம்" என்று காத்திருக்கக் கூடாது.

இரண்டாவது, எலி. பனிக்காலத்தில் வெளியே விறைத்துப்போன சுண்டெலிக்கு, ஸீட்டுக்குள் இருக்கும் பஞ்சு சொர்க்கம். அதற்காகக் காருக்குள் பாச்சை உருண்டையைக் கொட்டுகிறவர்கள் உண்டு. வேண்டாம். நாஃப்தலின் உருண்டையின் வாசனை மெத்தையில் ஏறினால் லேசில் போகாது. ஜி6பிடி என்ற என்ஸைம் குறைவாகப் பிறந்த குழந்தைகளுக்கு அந்தக் காற்றே ரத்தச் சிவப்பணுக்களை உடைத்து மஞ்சள் காமாலையைக் கொண்டுவரும். (ஊரில் பச்சைக் குழந்தையின் துணிமணிகளைப் பாச்சை உருண்டை போட்ட பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே உடுத்துகிற பாட்டிமார்கள் இதைக் கவனிக்க வேணும்.) காரில் ஒரு பிஸ்கட் துணுக்குகூட இல்லாமல் பெருக்கி, புகைக்குழாய் வாயில் இரும்பு நாரைத் திணித்து வைத்தாலே பாதி எலி வராது.

மூன்றாவதுதான் பெரிது.

எங்கள் தெருவில் யாழ்ப்பாணத்துப் பெண் ஒருத்தி, கைக்குழந்தைக்காரி. ஒருநாள் வாடிய முகத்தோடு வந்தாள். "அக்கா, சனிக்கிழமையெண்டால் எனக்கு ஒரே தலையிடி. சத்தி வாற மாதிரியும் கிடக்கு. திரும்பவும் பிள்ளைத்தாச்சியோ எண்டு பயமாக் கிடக்கு" என்றாள்.

"அதென்ன சனிக்கிழமைக் கணக்கு?" என்றேன்.

"தெரியேல்லை. அண்டைக்குத்தான் இவர் வீட்டில நிக்கிறவர். பழைய காரை ஷெட்டுக்குள்ள பத்து நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி விடுவார், பாட்டரி செத்துப்போகாமல் இருக்க."

ஷெட் வீட்டோடு ஒட்டினது. அதற்கு நேர் மேலேதான் இவளும் குழந்தையும் படுக்கிற அறை! "விஷவாயு அலாரம் அடிக்கலையா?" என்று கேட்டால், அது கீச்கீச்சென்று கத்திக் குழந்தையை எழுப்புகிறதென்று பாட்டரியைக் கழற்றி வைத்திருக்கிறார்களாம். எனக்குக் கை காலெல்லாம் உதறிவிட்டது. அன்றைக்கே குழந்தையோடு டாக்டரிடம் அனுப்பினேன். காரை ஸ்டார்ட் செய்வது நின்றது, தலைவலியும் நின்றது. அவள் பிள்ளைத்தாச்சியும் இல்லை.

எஞ்சின் புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ரத்தத்தில் ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கு மேல் கெட்டியாக ஒட்டிக்கொள்ளும். தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு என்று ஃப்ளூ ஜுரம் மாதிரியே ஆரம்பிக்கும், ஆனால் ஜுரம் இருக்காது. வெளிக் காற்றுக்கு வந்தால் தேவலை ஆகும். வயிற்றில் இருக்கும் சிசுவுக்கும் கைக்குழந்தைக்கும் ஆபத்து அதிகம். ஷெட் கதவைத் திறந்து வைத்தால் போதும் என்பதும் தப்பு. புகை சுவர் இடுக்கு வழியே வீட்டுக்குள் வந்துவிடும். ஒன்டாரியோவில் 2014 அக்டோபரிலிருந்து இப்படிப்பட்ட வீடுகளில் படுக்கையறைப் பக்கத்தில் அந்த அலாரம் கட்டாயம். மூடிய குளியலறையில் கேஸ் கீஸர், ஊட்டி கொடைக்கானல் குளிருக்கு அறைக்குள் கரியடுப்பு, இவை செய்வதும் இதே கொலைதான்.

இத்தனைக்கும் அந்தப் பத்து நிமிஷத்தால் காருக்கும் பிரயோஜனம் இல்லை. எஞ்சின் சரியாகச் சூடேறாமல் நிறுத்தினால் புகைக்குழாயிலும் ஆயிலிலும் தண்ணீர் தங்கித் துருவேறும். பாட்டரிக்கும் வாங்கிய சார்ஜ் திரும்பாது. அதைக் கழற்றி மாதம் ஒருமுறை சார்ஜ் செய்தால் போதும். சார்ஜ் இறங்கிய பாட்டரிதான் குளிரில் உறைந்து வெடிக்கும். நிறைந்தது மைனஸ் 30 டிகிரியையும் தாங்கும்.

போர்த்தும்போது பிளாஸ்டிக் ஷீட் வேண்டாம், வேர்த்துப் பெயின்ட் கொப்பளிக்கும். பழைய பருத்திப் போர்வைகளைக் கொடுங்கள். நான் இன்னொன்றும் செய்வேன். "குழாயில் நார் இருக்கு, பாட்டரி உள்ளே இருக்கு, கட்டை இருக்கு" என்று காகிதத்தில் எழுதி ஸ்டியரிங்கில் கட்டிவிடுவேன். ஏப்ரலில் இவருக்கு இருக்கிற அவசரத்தில் இதெல்லாம் எங்கே ஞாபகம் வரும்? காகிதத்தில் கடைசி வரி, "முதலில் வெளியே தள்ளு, அப்புறம் சாவியைப் போடு." மோரிஸ் முக்கால் டன் சொச்சம்தான். நானும் பிள்ளையும் பின்னால் நின்று ஒரு தள்ளு தள்ளினால் தெருவுக்கு வந்துவிடும்.