சொற்களோடு பழகுதல்

அயல்மொழி ஒன்றைக் கற்பவர் முதற்படியை ஊக்கத்தோடு கடந்துவிடுகின்றனர். எழுத்துகளை அறிந்து, சிறு சொற்றொடர்களை அமைக்கும்போது, வளர்ச்சி கண்கூடாகத் தெரிகின்றது. இடைநிலையை அடைந்ததும் அவ்வளர்ச்சி நின்றுவிட்டது போலத் தோன்றும். ஆங்கிலம் கற்கும் நம் மாணவர் பலர் இவ்விடத்திலேதான் மனம் தளர்கின்றனர். செய்தித்தாளைப் படித்தால் பொருள் அரைகுறையாக விளங்கும். நால்வர் நடுவே பேச முற்பட்டால் சொல் வாராது. 'நமக்கு ஆங்கிலம் கைகூடாது' என்று முடிவுகட்டி, விரும்பிய கல்வியையே கைவிடுவாரும் உளர்.

இக்குறையைப் போக்க அவர்கள் மேற்கொள்ளும் வழி யாது? அகராதியைத் திறந்து, அருஞ்சொற்களைப் பட்டியலிட்டு நெட்டுருச் செய்வதே ஆகும். முயற்சி போற்றத்தக்கது, வழியோ பொருத்தமானதன்று. இடைநிலை மாணவனுக்கு முதலில் வேண்டுவது பொதுச் சொற்களில் நிறைந்த பழக்கமே; அரிய சொற்களின் எண்ணிக்கை அன்று.

பூவைப் பறிக்கின்றோம், கீரையைக் கிள்ளுகின்றோம், கதிரை அறுக்கின்றோம். இவற்றை யாரேனும் பட்டியலிட்டு நமக்குக் கற்பித்தனரா? வீட்டிலும் வயலிலும் கேட்டுக் கேட்டுப் பழகினோம். ஆங்கிலச் சொற்களுக்கும் இத்தகைய உறவுகள் உண்டு. வேலை செய்தான், தவறு செய்தான் என இரண்டிடத்தும் தமிழில் 'செய்' என்பதே வரும். ஆங்கிலத்திலோ வேலைக்கு 'டூ' என்பதும், தவறுக்கு 'மேக்' என்பதும் வரும். மழை மிகுந்தால் 'ஹெவி' என்பர். காற்று மிகுந்தால் 'ஸ்டிராங்' என்பர். சொல்லின் பொருளை மட்டும் அறிந்தவன் இவ்விடங்களில் தடுமாறுவான்; சொல்லின் துணையையும் அறிந்தவன் தடையின்றிப் பேசுவான்.

பழக்கத்தின் தேவையை உணர்ந்து நூல் செய்தவருள் மைக்கேல் வெஸ்ட் என்னும் ஆங்கிலேயர் ஒருவர். அவர் பிரிவினைக்கு முந்திய வங்காளத்தில், டாக்கா நகரத்து ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் பணியாற்றினார். அக்காலப் பாடநூல்களில் புதுச்சொற்கள் மலிந்து கிடந்தன. ஒருமுறை வந்த சொல் மீண்டும் வருதல் அரிதாக இருந்தது. ஆகவே, அவர் புதுச்சொற்களைக் குறைத்து, அவை மீண்டும் மீண்டும் பயிலுமாறு வாசக நூல்களை அமைத்தார். 1953-ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட சொற்பட்டியலில் ஏறத்தாழ 2,000 சொற்களே உள்ளன. ஒவ்வொரு சொல்லுக்கும் உரிய பல பொருள்களையும், அவற்றுள் எது மிகுதியாக வழங்குகின்றது என்பதையும் அது காட்டுகின்றது. பொதுவான ஆங்கில நூல்களில் நூற்றுக்கு எண்பதளவு இச்சொற்களும் இவற்றின் கிளைகளுமே என்பது ஆராய்ச்சியாளர் கணக்கு.

'ஐந்தில் ஒரு சொல் விளங்காவிடின் நூல் விளங்குமோ?' என்று வினவலாம். நியாயமான வினாவே. எஞ்சிய சொற்களையும் கற்கத்தான் வேண்டும். ஆனால், அவை பல்லாயிரம். வெறும் நெட்டுருவில் அடங்குவன அல்ல. ஒரு பக்கத்தில் இரண்டு மூன்று சொற்களே புதியனவாக உள்ள நூலைத் தேர்ந்து நாள்தோறும் படித்தல் வேண்டும். புதுச்சொல்லின் பொருளை முதலில் இடம் நோக்கி உய்த்துணர்க; பின்னரே அகராதியை நோக்குக. அச்சொல்லைத் தனியே எழுதாமல், அது வந்த தொடரோடு குறிப்பேட்டில் எழுதுக. மறுநாளும், ஒரு வாரம் கழித்தும், ஒரு திங்கள் கழித்தும் அதனைத் திரும்பப் பார்க்க. பிறகு அதனை வைத்துச் சொந்தமாக ஒரு தொடர் அமைக்க. இவ்வாறு செய்யின் பட்டியலும் பயன் தரும்.

இம்முறையில் நாளொன்றுக்கு ஐந்து சொற்களே சேரலாம். ஆயினும், ஐந்தும் வேண்டும்பொழுது வந்து உதவும். நெட்டுருச் செய்த ஐம்பதோ தேர்வு முடியுமுன்னரே மறைந்துபோகக்கூடும். இடைநிலையில் நிற்கும் மாணவனுக்குக் குறைவது அறிவு அன்று, பழக்கமே. அஃது எவர்க்கும் எட்டுவது. ஆதலின், கல்வியைக் கைவிட எண்ணுவோர், அதற்கு முன் எளிய நூலொன்றைக் கையில் எடுப்பாராக.