வெளுத்த முகமெல்லாம் சத்துக்குறைவல்ல

கும்மிடிப்பூண்டி சிப்காட் ஆலைகளுக்கும் திருவள்ளூர் மாவட்டச் செங்கல் சூளைகளுக்கும் ஒடிசா, ஜார்க்கண்ட் போன்ற மாநிலங்களிலிருந்து பிழைப்புத் தேடிப் பலர் வருகிறார்கள். அரிவாள் செல் சோகை, தலசீமியா ஆகிய பரம்பரை ரத்த நோய்கள் அம்மாநிலங்களில் அதிகம். குடும்பத்தோடு வருபவர்களின் குழந்தைகளை முதலில் பார்ப்பவர் உள்ளூர் மருத்துவர்தான்.

கைக்குழந்தையின் விரல்கள் வீங்குகின்றன, தொட்டாலே வீறிடுகிறது. அடிபட்ட வீக்கம் என்று களிம்பு தந்து அனுப்பிவிடலாம். ஆனால், அரிவாள் செல் நோயின் முதல் அறிகுறியாகவும் அது இருக்கக்கூடும். வெளுத்த குழந்தைக்கு இரும்புச்சத்து மருந்து எழுதுவதும் வழக்கம். ஆனால், அந்த வெளுப்புக்குக் காரணம் தலசீமியாவாகவும் இருக்கலாம்; அந்நோயில் இதயத்தையும் கல்லீரலையும் கெடுப்பதே உடலில் தேங்கும் இரும்புதான்.

தமிழகத்தில் நிபுணத்துவத்துக்குப் பஞ்சமில்லை. இந்நோய்களைக் குணப்படுத்தக்கூடிய எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சையை வேலூர் சிஎம்சி மருத்துவமனை 1986-லேயே தொடங்கியது. சென்னை எழும்பூரில் அரசு குழந்தைகள் மருத்துவமனை இருக்கிறது. ஆனால், கடுமையான தலசீமியா உள்ள குழந்தைக்கு 2 முதல் 4 வாரங்களுக்கு ஒருமுறை ரத்தம் ஏற்ற வேண்டும். தினக்கூலிப் பெற்றோருக்கு ஒவ்வொரு பயணமும் ஒருநாள் கூலி இழப்பு.

அரிவாள் செல் சோகையை 2047-க்குள் ஒழிக்க மத்திய அரசு 2023-இல் தேசிய இயக்கம் தொடங்கியது. ஆனால், அதற்குப் பரிசோதனைக் கருவி மட்டும் போதாது. சந்தேகிக்கத் தெரிந்த மருத்துவரும் வேண்டும். திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரியின் குழந்தைநல மருத்துவர்களையும், ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்களையும் சுழற்சி முறையில் எழும்பூருக்கு அனுப்பிப் பயிற்றுவிக்க வேண்டும். குழந்தை ரத்தவியல் உயர்படிப்பு இடங்களையும் அரசு கூட்ட வேண்டும்.