இஃப்டெஃபை ஹெடரோட நிப்பாட்டுங்க

ஒரே சி நிரலை மூணு நாலு சாதனத்துக்கு ஏத்தமாதிரி எழுதணுமெண்டா, நம்மட ஆக்கள் உடனே தேடுறது இஃப்டெஃப்தான். ஆனா பத்து சுவிட்ச் வெச்சா 1024 விதமான புரோகிராம் வரும். எல்லாத்தையும் ஆர் சோதிக்கிறது?

2014இல் ஓபன்எஸ்எஸ்எல்லில் ஹார்ட்பிளீட் ஓட்டை வெளியானப்போ, அந்த வசதியையே நீக்கிக் கம்பைல் பண்ண ஒரு சுவிட்ச் ஏற்கெனவே இருந்திச்சு. என்ன பிரயோசனம், வழமையா அது சேர்ந்தேதான் வந்தது. பிறகு ஓபன்பிஎஸ்டிகாரர் லிப்ரெஎஸ்எஸ்எல் எண்டு பிரிஞ்சுபோய், விஎம்எஸ் மாதிரிப் பழைய சிஸ்டங்களுக்கான துண்டுகளை வெட்டி எறிஞ்சாங்க. சரியான வேலை.

எனக்கு அதைவிடப் பிடிச்சது லினக்ஸ் கேர்னல்காரர்ர விதி. நிபந்தனையை ஹெடருக்குள்ள வையுங்க. வசதி இல்லாத சாதனத்துக்கு அதே பெயரில ஒண்டும் செய்யாத ஒரு ஃபங்ஷன் குடுங்க. சி கோப்பு யோசிக்காமக் கூப்பிடட்டும். அந்த வெறும் அழைப்பைக் கம்பைலரே நீக்கிரும், வேகம் குறையாது. தோப்பூரில சி படிக்கிற தம்பி தங்கச்சிமார் அடுத்த புரொஜெக்டை இப்படி எழுதிப் பாருங்க.