கணுக்கால் சமாசாரம்

காலில் கொலுசு போட்டுக்கொள்கிறோம். பாட்டிமார் காலத்தில் தண்டை போட்டுக்கொண்டார்கள். அதற்கும் முன்னால் சிலம்பு. அந்தச் சிலம்பினால் மதுரையே பற்றி எரிந்த கதை நமக்கெல்லாம் தெரியும். ஆனால், கொலுசு உட்கார்ந்திருக்கிற அந்த இடத்தில், தோலுக்கு உள்ளே என்னதான் இருக்கிறது என்று நம்மில் யாராவது ஒரு நாளாவது விசாரித்தோமா? நானும் விசாரித்ததில்லை, அடுத்த வீட்டுப் பெண் காலைச் சுளுக்கிக்கொண்டு வந்து நிற்கிற வரையில்.

நின்றாள் என்றா சொன்னேன்? தவறு. இரண்டு தோழிகள் தோளில் கையைப் போட்டுக்கொண்டு, ஒற்றைக் காலில் தத்தித் தத்தி வந்தாள்.

எங்கள் ஓசூரைப் பற்றித் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. விடிவதற்கு முன்பே இங்கே தெருமுனைகளில் கம்பெனி பஸ்கள் வந்துவிடும். தேன்கனிக்கோட்டை, சூளகிரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பெண்கள் பின்னலை மடித்துக் கட்டிக்கொண்டு, டிபன் டப்பாவும் கையுமாக ஏறிக்கொள்வார்கள். நம் வீட்டில் காப்பிக்கு டிகாக்ஷன் இறங்குவதற்குள் அவர்கள் மிஷின் முன்னால் நின்றுகொண்டிருப்பார்கள். இந்தப் பெண்ணும் அப்படிப் போய் வருகிறவள்தான். ஷிப்டு முடிந்து அரையிருட்டில் பஸ்ஸிலிருந்து இறங்கியிருக்கிறாள். எட்டு மணி நேரம் நின்ற கால். கீழே இருந்த சின்னப் பள்ளத்தைக் கண் பார்த்ததாம், கால் பார்க்கவில்லையாம்!

கணுக்கால் பூரி மாதிரி உப்பிவிட்டது. அவள் அம்மா மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பற்றுப் போட்டாள். மறு நாளும் வீக்கம் வடியாததால் டாக்டரிடம் அழைத்துப் போனோம். அத்திப்பள்ளியிலிருந்து வருகிற பெரியவர் அவர். பாதி கன்னடம், பாதி தமிழ். எக்ஸ்ரே படத்தை விளக்குக்கு நேரே பிடித்தார். கணுக்காலுக்குப் பின்புறம், மொச்சைக் கொட்டை அளவில் ஒரு துண்டு எலும்பு தனியாக நின்றது.

"அய்யோ, ஒடிஞ்சு தனியா வந்துடுச்சே, அக்கா! இனி இவளை யாரு கட்டுவாங்க?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டாள் தாயார்.

டாக்டர் சிரித்தார். "ஏனூ இல்லா, அம்மா! இது ஒடிஞ்ச துண்டு இல்லை. ஒடிஞ்சிருந்தா ஓரம் சொரசொரன்னு இருக்கும். இது பாருங்க, கூழாங்கல்லு மாதிரி வழவழன்னு இருக்கு." சந்தேகம் தீர மற்றக் காலையும் படம் எடுத்தார். அங்கேயும் அதே மொச்சைக் கொட்டை! எட்டு வயதிலிருந்து பதினோரு வயதுக்குள் எல்லாக் குழந்தைகளுக்கும் அந்த இடத்தில் ஒரு சிறு எலும்பு தனியாக விளைந்து, பிறகு பெரிய எலும்போடு ஒட்டிவிடுமாம். சிலருக்கு மட்டும் ஒட்டாமலே நின்றுவிடுகிறது. "ரொம்பப் பழைய எலும்புன்னு சொல்றவங்க இருக்காங்க. மனுஷனுக்கு முன்னாடி இருந்த எலும்பு" என்றார், கட்டுப் போட்டுக்கொண்டே.

அவர் அதோடு விட்டுவிட்டார். நான் விடவில்லை. வீட்டுக்கு வந்து புத்தகங்களைப் புரட்டினேன். அப்பப்பா, எவ்வளவு பெரிய கதை!

முதலில் நம் ஊரிலேயே தேடலாம் என்று நினைத்தேன். கிருஷ்ணகிரிக் கோட்டை மலையும், நம் சமையலறை மேடையில் பதித்திருக்கிறோமே அந்தக் கருங்கல்லும் லேசுப்பட்ட வயதுடையவை அல்ல. இந்தப் பக்கத்துப் பாறைகளுக்கு 200 கோடி வருஷத்துக்கு மேல் ஆகிறது. அதுதான் சங்கடமும். அவை உருவான காலத்தில் உலகத்தில் எலும்புள்ள ஜந்து ஒன்றுகூடக் கிடையாது. எங்கள் பாறையை எத்தனை உடைத்தாலும் ஒரு சுண்டு விரல் அகப்படாது.

ஆகவே பனி மூடிய கிரீன்லாந்துக்குப் போக வேண்டியிருக்கிறது. போனவர் ஒரு பெண்மணி என்பதில் எனக்கு ஒரு தனிச் சந்தோஷம். ஜென்னி கிளாக் என்று பெயர். கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையைச் சேர்ந்தவர். 1970-ஆம் வருஷத்தில் அங்கே போய் வந்த ஒரு மாணவர், இன்ன மலையில் பழைய எலும்புகள் நிறையக் கிடக்கின்றன என்று நோட்டுப் புத்தகத்தில் குறித்து வைத்துவிட்டு மறந்துவிட்டார். அந்தக் குறிப்பு கிளாக் அம்மையாரின் கண்ணில் பட்டது. 1987-இல் புறப்பட்டுப் போனார். பழைய கணக்கு நோட்டைக் குப்பையில் போடாதே என்று என் மாமியார் சொல்வது எவ்வளவு சரி!

அங்கே கிடைத்தவற்றுள் ஒன்று அகாந்தோஸ்டீகா. சுமார் 36 கோடி வருஷத்துக்கு முந்தைய பிராணி. மீனுக்கு உள்ளதுபோல் செவுளும் துடுப்பு வாலும் இருந்தன. நாலு காலும் இருந்தன. கையில் விரல்களை எண்ணினார்கள். ஐந்து அல்ல, எட்டு! 1990-இல் இது வெளிவந்தபோது பண்டிதர்களே திகைத்துப் போனார்கள். அதன் உறவுக்காரப் பிராணியான இக்தியோஸ்டீகாவுக்குப் பின்னங்காலில் ஏழு விரல்.

இதைவிட ஆச்சரியம் ஒன்று உண்டு. அந்தக் கால்கள் நடப்பதற்கு லாயக்கானவை அல்ல! தட்டையான துடுப்பு போன்றவை. உடம்பைத் தாங்கி நிற்கக் கூடிய கணுக்கால் அவற்றுக்கு இல்லை. 2012-இல் இக்தியோஸ்டீகாவின் எலும்புகளைக் கம்ப்யூட்டரில் பொருத்தி அசைத்துப் பார்த்தவர்கள், பின்னங்காலை உடம்புக்கு அடியில் ஊன்றி அது நடந்திருக்கவே முடியாது என்று சொல்லிவிட்டார்கள். பிச்சாவரத்துச் சதுப்பில் சேற்றின்மேல் முன்துடுப்பை ஊன்றித் தத்திப் போகுமே ஒரு சின்ன மீன், அதுபோலத்தான் நகர்ந்திருக்குமாம். நாம் என்ன நினைத்துக்கொண்டிருக்கிறோம்? மீன் கரையேறியது, நடக்க வேண்டியிருந்தது, ஆகவே கால் முளைத்தது என்று. அப்படியில்லை. கால் தண்ணீரிலேயே வந்துவிட்டது. நடை பிறகு வந்தது. கணுக்காலின் கதை அந்த நடையோடுதான் சூடு பிடிக்கிறது.

தண்ணீர் உடம்பைத் தாங்கும், தரை தாங்காது. பல்லியைக் கவனித்திருக்கிறீர்களா? தொடை பக்கவாட்டில் நீண்டிருக்கும். பாதமோ முன்னே பார்க்க வேண்டும். ஒவ்வோர் அடிக்கும் பாதம் ஒரு திருகு திருகித்தான் திரும்புகிறது. அதற்கு வளைந்து கொடுக்கிற மூட்டு வேண்டும். தரையை உந்தித் தள்ளவோ கெட்டியான மூட்டு வேண்டும். இரண்டும் ஒரே இடத்தில்! மருமகள் படித்தவளாகவும் இருக்க வேண்டும், வாய் பேசாதவளாகவும் இருக்க வேண்டும் என்கிற மாதிரி.

ஆரம்பத்தில் கணுக்காலில் பன்னிரண்டு எலும்புகள் இருந்தன. மேல் வரிசையில் மூன்று, நடுவில் நான்கு, விரலுக்கொன்றாக ஐந்து. பையில் போட்ட கூழாங்கற்கள் மாதிரி ஒன்றோடொன்று உருளும். வளைவதற்குச் சௌகரியம், உந்துவதற்கு உதவாது. ஊர்வன தோன்றியபோது இந்தக் கற்களில் சில ஒட்டிக்கொண்டன. உலகத்தில் கூட்டுக் குடும்பம் தனிக்குடித்தனமாகப் பிரிவதைத்தான் பார்க்கிறோம். இங்கே தனிக்குடித்தனங்கள் ஒன்றாகச் சேர்ந்தன. 1951-இல் பிராங்க் பீபாடி என்ற அமெரிக்கர், காப்டோரைனஸ் என்னும் பழம் பல்லி ஒன்றின் கணுக்கால் எலும்பில் தையல் போட்டது போன்ற கோடுகளைக் கண்டார். மூன்று எலும்புகள் சேர்ந்து ஒன்றானதன் தழும்பு அது என்றார். இல்லை, முதலிலிருந்தே அது ஓர் எலும்புதான் என்று மறுத்தவர்களும் உண்டு. 2006-இல் ஆப்பிரிக்காவில் நைஜர் நாட்டுப் பிராணி ஒன்றின் கணுக்காலை ஆராய்ந்தபோது, ஒட்டிக்கொண்டது என்ற கட்சியின் கைதான் ஓங்கிற்று. இந்தப் பல்லிக் குடும்பத்தின் எலும்புகள் நம் கோதாவரிப் பள்ளத்தாக்கிலும் அகப்பட்டிருக்கின்றன.

அந்த ஒட்டிய எலும்புதான் நம்முடைய கொலுசுக்கு உள்ளே இருப்பது. டாக்டர்கள் அதை டாலஸ் என்கிறார்கள். எக்ஸ்ரேயில் தனியாக நின்ற மொச்சைக் கொட்டை, பழைய மூன்றில் நடுவிலிருந்த எலும்பின் மிச்சம் என்று சிலர் சொல்கிறார்கள். அடுத்த வீட்டுப் பெண்ணிடம் இதைச் சொன்னேன். "அப்ப எனக்கு நகை மாதிரி ஒண்ணு கூட இருக்குன்னு சொல்லுங்க, அத்தை" என்றாள். தாயார் முகத்தில் அப்போதுதான் சிரிப்பு வந்தது.

கோதாவரி என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. இன்று தெலங்கானாவில் இருக்கும் மலேரி என்ற இடத்துச் செம்மண் பாறைகளில் பாராசூகஸ் என்ற முதலை போன்ற பிராணி கிடைத்தது. வயது 20 கோடி வருஷத்துக்கு மேல். அதை 1978-இல் விவரமாக எழுதியவர் சங்கர் சட்டர்ஜி. கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் கழகத்தில் இருந்தவர். கூட்டல் பெருக்கல் செய்கிற இடத்தில் எலும்புக்கு என்ன வேலை என்கிறீர்களா? அதை நிறுவிய மகலனோபிஸ், பமேலா ராபின்சன் என்ற ஆங்கிலேய அம்மையாரை அழைத்து வந்து எலும்பு ஆராய்ச்சிக்கும் ஒரு பிரிவு ஏற்படுத்தினார். சட்டர்ஜி 1982-இல், கணுக்கால் மூட்டு எப்படி அமைந்திருக்கிறது என்பதை வைத்தே இந்தப் பழைய ஊர்வனவற்றைக் குலம் கோத்திரம் பிரித்துக் காட்டினார். ஒரு சின்ன மூட்டைப் பார்த்துப் பரம்பரையைச் சொல்வது ஜோசியத்தையும் மிஞ்சிய காரியம் அல்லவா?

அதில் ஒரு பகுதியை நாமே பார்த்துக்கொள்ளலாம். அஞ்செட்டி வழியாக ஒகேனக்கல் போகிறவர்கள் அங்கே முதலைகளைக் கவனியுங்கள். வயிறு தரையில் உரசத் தவழும் அதே முதலை, வேண்டும்போது உடம்பைத் தூக்கிக்கொண்டு நடக்கும். அதன் கணுக்காலில் ஓர் எலும்பின் முளை, பக்கத்து எலும்பின் குழியில், ஆட்டுக்கல்லில் குழவி மாதிரிப் பொருந்திச் சுழல்கிறது. கோழிக்கோ கதவுக் கீல்தான். முன்னும் பின்னும் மட்டுமே அசையும். அதன் கணுக்கால் எலும்பு மேலேயுள்ள கால் எலும்போடு ஒட்டிப்போய்விட்டது. அசைவ வீட்டுச் சகோதரிகள் லெக் பீஸின் கீழ் நுனியில் இருக்கும் குமிழைப் பார்த்தால் தெரியும். கொக்கின் முழங்கால் பின்பக்கம் மடிகிறது என்று குழந்தைகள் சொல்வார்கள். அது முழங்காலே அல்ல, கணுக்கால்!

நம் கணுக்காலுக்கு வருகிறேன். பன்னிரண்டு எலும்புகள் இருந்த இடத்தில் நமக்கு ஏழு. எல்லாவற்றுக்கும் மேலே உட்கார்ந்து உடம்பின் பாரத்தை வாங்குகிற டாலஸின்மேல் ஒரு தசைகூட ஒட்டியிருக்கவில்லை. அக்கம் பக்கத்து எலும்புகளும் நார்களும் பிடித்துக்கொண்டிருப்பதால் அது நிற்கிறது. இத்தனை நுட்பமும் அசைவதற்காக. பாதம் ஏறி இறங்கும்போதெல்லாம் கெண்டைக்கால் சதை சுருங்கி விரிந்து, கீழே இறங்கிய இரத்தத்தை மேலே தள்ளுகிறது. அசையாமல் நின்றால் அந்தப் பம்பு ஓய்ந்துவிடும். இரத்தம் காலிலேயே தேங்கி, பாதம் வீங்கி, நாளடைவில் நரம்பு சுருண்டு புடைக்கிறது. நடக்க வந்த மூட்டைக் கம்பம் மாதிரி எட்டு மணி நேரம் நட்டு வைப்பதை என்னவென்று சொல்வது?

இது நான் புதிதாகக் கண்டுபிடித்த குறை அல்ல. 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டத்திலேயே, 44-ஆவது பிரிவில், நின்றுகொண்டு வேலை செய்கிறவர்கள் இடையில் கிடைக்கும் ஓய்வில் உட்கார வசதி செய்து தர வேண்டும் என்று எழுதி வைத்தார்கள். 2020-இல் இயற்றிய புதிய சட்டத் தொகுப்பிலும் அந்த ஏற்பாடு இருக்கிறது. துணிக்கடையில் நாள் முழுதும் நின்று நமக்குப் புடவை விரித்துக் காட்டுகிற பெண்களுக்காக 2021-இல் தமிழ்நாட்டில் தனியாகவே சட்டத் திருத்தம் வந்தது. அடுத்த தடவை ஜவுளி எடுக்கப் போகும்போது, விற்கிற பெண்ணுக்குப் பின்னால் ஒரு ஸ்டூல் இருக்கிறதா என்று எட்டிப் பாருங்கள். நான் பார்க்க ஆரம்பித்திருக்கிறேன்.

மூன்று வாரம் கழித்து அந்தப் பெண் வேலைக்குத் திரும்பினாள். கையில் டாக்டர் சீட்டு. அதில் உட்கார வசதி வேண்டும் என்று அவர் எழுதியிருந்தார். சட்டத்தில் உள்ளதை ஒரு துண்டுக் காகிதத்தில் நான் எழுதிக் கொடுத்தேன். கொடுக்கத் தயங்கினாள்; வேலை போய்விடுமோ என்ற பயம். தனியாகக் கொடுக்க வேண்டாம், வரிசையில் நிற்கிற எல்லோரும் சேர்ந்து கொடுங்கள் என்றேன்.

நேற்று மாலை வாசலில் உட்கார்ந்து கொலுசை மாட்டிக்கொண்டிருந்தாள். வீக்கம் முழுதும் வடிந்திருந்தது. "ஸ்டூல் வந்ததா?" என்று கேட்டேன்.

"வந்துச்சு, அத்தை. மூணு பேருக்கு ஒண்ணு. முறை போட்டு உக்கார்றோம்."