தீனியில் கலந்த கடைசி மருந்து

வைத்தியரின் கைவசம் கடைசியாக மிஞ்சியிருக்கும் மருந்தைப் பன்றிக்கும் கோழிக்கும் தினந்தோறும் தீனியில் கலந்து போட்டால் என்ன நேரும்? சீன தேசத்தின் அனுபவம் இக்கேள்விக்குச் சந்தேகத்திற்கிடமின்றி விடையளித்துவிட்டது. அதை நம்மவர்களும் ஊன்றிக் கவனித்தல் அவசியம்.

கோலிஸ்டின் என்னும் மருந்து 1940-களின் கடைசியில் ஜப்பானில், மண்ணில் வாழும் ஒரு கிருமியிடமிருந்து எடுக்கப்பட்டது. அது சிறுநீரகத்தைக் கெடுக்குமென்று அஞ்சி, 1970-களில் வைத்தியர்கள் அதைப் பெரும்பாலும் ஒதுக்கி வைத்தார்கள். பின்னர் வேறு மருந்துகளுக்கு அடங்காத கிருமிகள் ஆஸ்பத்திரிகளில் தலையெடுக்கவே, வேறு கதியின்றி மறுபடியும் அதையே நாடினார்கள். ஆனால் பண்ணைகளிலோ அம்மருந்து வேறொரு காரியத்திற்கு உபயோகமாகி வந்தது. சொற்ப அளவில் தீனியில் சேர்த்தால் பிராணிகள் சீக்கிரம் எடை கூடும், விலையும் மலிவு. வியாதியில்லாத பிராணிக்கு மருந்து கொடுக்கும் விபரீதம் இவ்வாறு வழக்கமாயிற்று.

சொற்ப மருந்து பலவீனமான கிருமிகளை மட்டும் கொல்லும்; தாங்கக்கூடியவை பிழைத்துப் பெருகும். 2015-ம் வருஷம் நவம்பரில் சீன ஆராய்ச்சியாளர் வெளியிட்ட செய்தி இதனினும் பயங்கரமானது. ஷாங்காய்ப் பகுதிப் பண்ணையொன்றின் பன்றியிடம் எடுத்த ஈ-கோலி என்னும் குடற்கிருமியில், கோலிஸ்டினை எதிர்க்கும் எம்.ஸி.ஆர்.-1 என்ற மரபணுவைக் கண்டார்கள். அது பிளாஸ்மிட் எனப்படும் சிறு வளையத்தில் அமைந்திருந்தது. அவ்வளையத்தை ஒரு கிருமி மற்றொரு கிருமிக்குக் கைமாற்றிக் கொடுக்க வல்லது. 2011 முதல் 2014 வரை சேகரித்தவற்றைச் சோதித்ததில், அறுப்புக்கு வந்த 804 பன்றிகளில் 166-லும், பச்சை மாமிச மாதிரிகள் 523-ல் 78-லும், ஆஸ்பத்திரி நோயாளிகள் 1,322 பேரில் 16 பேரிடத்தும் அம்மரபணு அகப்பட்டது. பண்ணையாளின் கை, மாமிசம், எரு, கழிவுநீர் ஆகிய பல வழிகளாலும் கிருமி மனிதனை அடைகிறது. ஆதலின் மாமிசம் உண்ணாதவர்கள் தங்களுக்குக் கவலையில்லையென்று இருந்துவிட முடியாது.

மருந்துக்கு அடங்காத கிருமிகளால் 2019-ம் வருஷத்தில் மட்டும் உலகெங்கும் சுமார் 12,70,000 பேர் மாண்டனர் என்பது மதிப்பீடு. இதற்குப் பண்ணைக்காரர் மட்டுமே பொறுப்பாளி என்று நாம் கூறவில்லை. சீட்டின்றி மருந்து விற்கும் கடைக்காரரும், வாங்கி விழுங்கும் ஜனங்களும், ஆராயாது எழுதிக்கொடுக்கும் வைத்தியரும் பொறுப்பாளிகளே. ஆயினும் நோயைத் தீர்க்கச் செலவாகும் மருந்து வேறு. கொழுக்க வைக்கச் செலவாகும் மருந்து வேறு. முன்னது சில சமயம் பிழை. பின்னது எப்பொழுதும் கொள்ளை. மருந்தின் வலிமை மனித குலத்தின் பொதுச் சொத்து. அதைச் சிலர் தம் லாபத்திற்குக் கரைப்பதை எந்த நியாயத்தால் அனுமதிப்பது?

நிற்க. தடை செய்தால் பண்ணைத் தொழில் பாழாகும் என்று சொல்வாருளர். டென்மார்க் தேசத்தில் 1999-ம் வருஷ முடிவிற்குள் எடை கூட்டும் நோக்கத்துடன் இத்தகைய மருந்துகளைத் தீனியில் சேர்ப்பது நின்றுவிட்டது. தாய்ப்பால் மறந்த குட்டிகளுக்கு வயிற்றுப்போக்குப் போன்ற சிரமங்கள் நேர்ந்தது உண்மை. ஆயினும் பன்றி வளர்ப்பு அழியவில்லை, வளர்ந்தே வந்தது. சீனாவும் 2017-ம் வருஷம் ஏப்ரல் 30 முதல் கோலிஸ்டினைத் தீனியில் சேர்ப்பதைத் தடுத்தது. அதன் பலன் யாது? பன்றிகளிடம் எடுத்த ஈ-கோலி கிருமிகளில் கோலிஸ்டினுக்கு அடங்காதவை 2015-16-ல் நூற்றுக்கு 34 விகிதமாயிருந்தன. 2017-18-ல் 5 விகிதமாயின. குவாங்ஜோ நகரில் சோதிக்கப்பட்டவர்களில் அம்மரபணுவுள்ள கிருமியைச் சுமந்தவர்கள் 2016-ல் 14 விகிதம். 2019-ல் 6 விகிதம். தீனியை மாற்றியபின் மனிதர் குடலிலும் மாறுதல் கண்டது.

இந்திய சர்க்காரும் 2019-ம் வருஷம் ஜூலை 19-ந் தேதி, 1940-ம் வருஷத்து மருந்துச் சட்டத்தின் 26-ஏ பிரிவின்கீழ், உணவுக்காக வளர்க்கும் பிராணிகளுக்கும் தீவனத்திற்கும் கோலிஸ்டினை உற்பத்தி செய்வதையும் விற்பதையும் தடுத்தார்கள். இதை நாம் பாராட்டுகிறோம். ஆனால் சட்டம் கெஜட்டில் ஏறினால் மட்டும் கிருமி அஞ்சிவிடாது. தீவன மூட்டையைத் திறந்து சோதிக்க ஆள் வேண்டும். அந்தச் சோதனையின் முடிவை ஜனங்கள் அறிய வேண்டும். ஒரு மருந்தைத் தடுத்து, அவ்விடத்தில் மற்றொன்று நுழைய இடங்கொடுத்தால், வாசற்கதவைத் தாழிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து வைத்த கதையாகும். கம்பெனி அனுப்பும் தீவனத்தைக் கேள்வியின்றிப் போடும் சிறு பண்ணைக்காரனைத் தண்டித்துவிட்டு, தயாரித்து அனுப்பியவனைத் தப்பவிடுவதும் நீதியாகாது. அவனுக்கு வேண்டியவை சுத்தமான கொட்டகையும், தடுப்பூசியும், அருகில் ஒரு கால்நடை வைத்தியருமே.

தேச சேவையில் ஈடுபட்ட அன்பர்கள் இதை வைத்தியர்களின் விவகாரமென்று ஒதுக்கலாகாது. தங்கள் சட்டசபை அங்கத்தினரிடம், நம் ஜில்லாவில் எத்தனை தீவன மூட்டைகள் சோதிக்கப்பட்டன, எவற்றில் மருந்து அகப்பட்டது, எவர்மீது வழக்குத் தொடரப்பட்டது என்று கேட்கட்டும். விடை வரும்வரை விடாது கேட்கட்டும். நாளை நம் குழந்தை காய்ச்சலில் கிடக்கும்போது வைத்தியரின் கை வெறுங்கையாகாதிருக்க இதுவே வழி.